பத்து கிராம்

கைப்பிடி நடுவே தீப்பெட்டி அளவில் ஒரு திரை.
மேலே இருபத்திரண்டு. கீழே முப்பத்திரண்டு.
பெலிக்ஸ் மாட்டித் தந்தது.
போன மழையில் எலஹங்கா வளைவில்
காற்றிறங்கிய பின்சக்கரம் என்னைச் சறுக்கிவிட்ட மறுவாரம்
வால்வு மூடிகளைக் கழற்றி எறிந்துவிட்டு
இரண்டு கறுப்புக் குமிழ்களைத் திருகினான்.
அதிலிருந்து காலையில் போன் எடுத்தால்
சாப்பிட்டியா என்பதில்லை,
"பின்னாடி எவ்ளோ?"

விமான நிலையச் சரக்குக் கூடத்தில்
எடைபோடுகிறவள் நான்.
ரோஜாப் பெட்டிகள், மருந்துப் பெட்டிகள்,
ஒருமுறை ஒரு சவப்பெட்டி.
எல்லாம் தராசில் அசையாமல் நிற்கும்.
அசைகிற பொருளின் எடையை
யாரும் என்னிடம் கேட்டதில்லை.

விடிகாலை ஐந்தரைக்கு வண்டி எடுக்கும்போது முப்பது காட்டும்.
சாதஹள்ளி டோல் தாண்டினால் முப்பத்திரண்டு.
ஹெப்பாள் நெருங்க முப்பத்து நான்கு.
வேலை செய்தால் காற்றுக்கும் உடம்பு சுடும்.
அந்த ஏற்றம் எனக்குப் பழகிவிட்டது,
தெருவைவிட அதிகமாகத் திரையைப் பார்த்தேன்
என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வியாழக்கிழமை.
பேட்டராயனபுரத்துக்கு முன்னால், தொண்ணூறில்.
முப்பத்து மூன்று.
இருபத்தெட்டு.
பத்தொன்பது என்று படித்து முடிப்பதற்குள் பதினொன்று.
திரை கத்தியது.
இடுப்புக்குக் கீழே வண்டி யாருடையதோ ஆயிற்று.
பிரேக்கைத் தொடாதே, தொடாதே என்று
எனக்கே சொல்லிக்கொண்டு
ஆக்ஸிலேட்டரை மட்டும் விட்டேன்.
பால் டெம்போ ஒன்று காதோடு ஹாரன் அடித்துப் போனது.
நின்ற இடத்தில் பூஜ்யம்.
கடைசிவரை அது பொய் சொல்லவில்லை.

ஷமீரின் பஞ்சர் கடை ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது.
காசர்கோட்டுப் பையன், வாயில் பிரஷ்.
சோப்புத் தண்ணீர் ஊற்றித் தேடினான்.
ஆணி இல்லை, கண்ணாடி இல்லை, கிழிசல் இல்லை.
பிறகு குமிழைப் பிடித்து
வால்வை ஒருபக்கமாக மடக்கினான்.
அடியில் ரப்பர் வாய் திறந்து சிரித்தது.
"ரப்பர் கழுத்து அக்கா. மேல இவ்ளோ பெரிய தலை."

டயர் மாத்தறப்ப இத மாத்தலையா என்றான்.
இரண்டு டயர் மாற்றியிருக்கிறேன்.
ஏழு வருஷமாக அதே வால்வு.
அப்படி ஒன்றை மாற்ற வேண்டும் என்பதே தெரியாது.
முன்சக்கரத்தையும் மடக்கிக் காட்டினான்,
மயிரிழை விரிசல் அங்கேயும்.
அடியில் நட் போட்டு இறுக்குகிற உலோக வால்வு
அவனிடம் ஒன்றே ஒன்று இருந்தது.
அதைப் பின்னால் போட்டுக் குமிழைத் திருகினான்.
முன்னால் புது ரப்பர், சாதா பிளாஸ்டிக் மூடி.
மிஞ்சிய குமிழ் என் ஜாக்கெட் பையில்.

அவன் காற்றடிக்கும் நேரத்தில்
ஸ்டூலில் உட்கார்ந்து போனில் கணக்குப் போட்டேன்.
குமிழ் பத்து கிராம்.
தொண்ணூறில் சுழலும்போது
ஒன்றே கால் கிலோவுக்கு மேல் வெளியே இழுக்கிறது.
தினம் முப்பது கிலோமீட்டர்
அந்த ரப்பர் கழுத்தில்
ஒரு முழுக்கோழி தொங்கியிருக்கிறது.

போன் அடித்தது.
"பின்னாடி எவ்ளோ?"
முப்பத்திரண்டு.
"முன்னாடி?"
டிராபிக், வந்து சொல்றேன் என்றேன்.
ஹெப்பாள் மேம்பாலத்தில் அந்நேரம் ஈ காக்கை இல்லை.

லிங்கராஜபுரம் வரை பீப், பீப்.
சிக்னலில் ஒரு ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து
"கேஸ் லீக்கா மேடம்?" என்றார்.

சத்தம் கேட்டு பெலிக்ஸ் லுங்கியோடு இறங்கி வந்தான்.
திரையைப் பார்த்தான். மேலே பூஜ்யம்.
முகம் வெளுத்துக் குந்தி உட்கார்ந்து
முன்டயரைக் கட்டைவிரலால் அழுத்தினான்.
கெட்டியாக இருந்தது. மறுபடி அழுத்தினான்.
திரை ஓயவில்லை.

பையிலிருந்து எடுத்து
அவன் உள்ளங்கையில் வைத்தேன்.
"இது எவ்ளோ வெயிட்டு இருக்கும், சொல்லு?"