கேட் போட்டிருக்கும்போது

நீடாமங்கலத்தில் கேட் போட்டால்
என் கடைக்கு ஆள் வரும்.
வண்டியை அணைத்துவிட்டுச்
சும்மா நிற்பதற்கு,
"மரத்துல படம் போட எவ்வளவுங்க?"

அப்படித்தான் வந்தார் வீரசிங்கம்,
கொள்முதல் நிலையத்தில் மூட்டை ஏற்றுகிறவர்.
பத்தாவது கல்யாண நாளாம்.
போனில் அவர் மனைவி சித்திரவள்ளி
மாவில் புரட்டி எடுத்த மாதிரி:
நெற்றி, மூக்கு, கன்னம் எல்லாம் ஒரே வெள்ளை.
காதோரம் இரண்டு பட்டாம்பூச்சி வேறு.

லேசர்
கருப்பைக் கண்டால் ஆழமாகச் சுடும்.
சாம்பலைக் கண்டால் யோசித்துச் சுடும்.
வெள்ளையைக் கண்டால்
கையைக் கட்டிக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விடும்.
சொன்னால் நம்பவில்லை.
துண்டுப் பலகையில் போட்டுக் காட்டினேன்.
இரண்டு கண், ஒரு பொட்டு,
இரண்டு பட்டாம்பூச்சி.
நடுவில் மாம்பலகை மாம்பலகையாகவே இருந்தது.
"ஆளக் காணுமேம்மா."

வேறு படம்?
இருந்தால் அழித்துவிடுவாளாம்.
தேய்த்துத் தேய்த்து
போன தாளடிக்கு எடுத்த ஒன்று அகப்பட்டது.
களம். உச்சி வெயில். பதர் பறக்கிறது.
வாய் திறந்திருக்கிறது.
மூட்டைக் கணக்கில் ஒன்றை விட்டதற்காக
அவரைத்தான் திட்டுகிறாளாம்.
"இதப் போட்டா என்னைக் கொன்னுடுவா."
நான் அவள் முகத்தில்
சாம்பல்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.
நெற்றி மேட்டில் ஒன்று, கன்னச் சரிவில் வேறொன்று,
தாடைக்கு அடியில் கிணறு மாதிரி ஒன்று.
ஏழு.
"இதத்தான் போடணும்" என்றேன்.
மன்னார்குடி வண்டி போனது.
முந்நூறு வைத்துவிட்டு அவரும் போனார்.

ராத்திரி நிறத்தை உருவினேன்.
பச்சைப் புடவை, மஞ்சள் நெல், நீலத் தார்ப்பாய்
மூன்றும் ஒரே சாம்பலாய் ஒட்டிக்கொண்டன.
தார்ப்பாயை வெட்டினேன்.
தாடை நிழலைக் கொஞ்சம் திறந்துவிட்டேன்.
திரையில் ஒரு படி வெளிறியே இருக்கவேண்டும்,
மரம் தன் பங்குக்குக் கருக்கும்.
முடியோரம் கூர்மை.
கன்னத்தில் சில தூசிப் புள்ளி, துடைத்தேன்.

ஐப்பசி ஈரம் பலகைக்குள் இருந்தது.
சோதனைக்குச் சுட்ட பத்துச் சதுரத்தில்
மூன்றாவதும் நான்காவதும் ஒட்டிப்பிறந்த மாதிரி.
வேகத்தைக் கூட்டி மறுபடி சுட்டேன்.
நெல் ஏற்றிய சரக்கு ரயில் போனால் மேசை அதிரும்,
முகத்தில் குறுக்கே கோடு விழும்.
கேட் கீப்பர் சகாயராஜிடம் நேரம் கேட்டு
இரண்டு ரயிலுக்கு நடுவே தொடங்கினேன்.
மயிரிழை மயிரிழையாகக் கூந்தல், பிறகு நெற்றி.
வாய் வந்தபோது
எனக்கே திட்டு விழுந்தது.

பதினோராம் நாள் கேட் போட்டிருந்தது.
உரச் சாக்கில் சுற்றிய பலகையோடு
அவளே வந்தாள்.
படத்தைவிட உயரம். படத்தைவிடக் கருப்பு.
கருப்பு என்பாள், பல் என்பாள்,
யாரைக் கேட்டுப் போட்டாய் என்பாள்.
எல்லாவற்றுக்கும் பதில் தயாராக வைத்திருந்தேன்.
பலகையை நிமிர்த்திக் கன்னத்தில் விரல் வைத்தாள்.
"மச்சம் எங்க?"

தூசி என்று நினைத்தேன் என்றேன்.
"தூசின்னா தட்டுனா போவும்ல."

சுட்ட பலகையைத் திரும்பப் படுக்கவைத்து
பழைய இடத்தில் பொருத்துவது லேசில்லை.
பொட்டை அடையாளமாக வைத்து
சிவப்புப் புள்ளியை நாலு தடவை நகர்த்தினேன்.
என் இன்னொரு கண்ணாடியை மாட்டிக்கொண்டு
அவள் குனிந்தாள்.
ஒரு கை அவள் கன்னத்தில்.
"இன்னும் கீழ. இந்தப் பக்கம்.
அங்க."

நூறு விழுக்காடு. ஒரு நொடிகூட இல்லை.
நூலளவு புகை.
கேட் தூக்கிவிட்டார்கள் போல,
வெளியே எல்லா வண்டியும் ஒன்றாக உறுமின.

அவள் பலகையை எடுத்து ஊதிப் பார்த்தாள்.
போகவில்லை.