அரை நாள்

கொச்கோர் சாலையோரம் என் பலகையில் மூன்று விலை.
ஒரு மணிநேரம்: உருளைக்கிழங்கு வயலைச் சுற்றி வரலாம்.
அரை நாள்: கணவாய் வரை.
இரண்டு நாள்: ஏரி, கூடாரத்தில் ஓர் இரவு, குமிஸ் இலவசம்.

ஸ்டானிஸ்லாவ் ஏரி என்றார்.
எடை கேட்டேன். பத்துக் கிலோ குறைத்துச் சொன்னார்,
எல்லோரும் அப்படித்தான்.

ஹலினா பலகையைப் பார்க்கவே இல்லை.
வேலியோரம் ஒரு காலைத் தளர்த்தி
நின்றபடியே தூங்கும் செம்மட்டைக் குதிரையை
வெகுநேரம் பார்த்திருந்தாள்.
"இறக்கத்தில் கடிவாளத்தை என்ன செய்வது?"
விட்டுவிடுங்கள், அதற்கு வழி தெரியும்.
"விட்டுவிடுவதா..."
கணவரிடம் திரும்பி, அரை நாள் போதும் என்றாள்.

கணவாயில் காற்று. தொலைவில்
ஊசி அகலத்துக்கு ஒரு வெளிச்சம்.
அதுதான் ஏரி.
நான் சொல்லவில்லை.
அவர் கேட்டிருந்தால்
ஆறாயிரம் சோம் கூடுதலாய்க் கிடைத்திருக்கும்.

சரளைச் சரிவில் திரும்பிப் பார்த்தேன்.
அவர் சேணத்தின் கொம்பை இரு கையாலும் நெரித்தபடி,
குதிரைக்கு போலந்து மொழியில் ஏதோ கட்டளை.
அவள் கைகள் தொடைமேல், சும்மா.

மாலை சேணம் கழற்றுகையில்
அவர் ஏறிய குதிரையின் கழுத்தெல்லாம் நுரை.
செம்மட்டைக்கு வியர்க்கவே இல்லை.
பிடரியில் மட்டும்
யாரோ பின்னிவிட்ட
ஒரு சின்னச் சடை.