நீர்மட்டம்

சுன்னாகத்தில், பத்மதேவன் சலூனில்
கத்தரிக்கோல் ஒருக்கா நின்றது.
"அண்ணை, இதில பதியுதெல்லே"
என்று இடப்பக்கம் விரலை வைத்தான்.
கண்ணாடியில் நான் அவன் முகத்தைத்தான் பார்த்தேன்.
வானொலியில் மரண அறிவித்தல் போய்க்கொண்டிருந்தது.
மிச்சத்தையும் வெட்டு என்றேன்.

மருதனார்மடத்துக்கு இங்கால்
பின்வெளிச்சம் இல்லாத உழவு இயந்திரப் பெட்டி.
அது ஒன்றரை வருடப் பழங்கதை.
வீங்கிய மூளைக்கு இடம் வேண்டுமென்று
உள்ளங்கை அகலத்தில் என் மண்டையோட்டை வெட்டி
என் வயிற்றுத் தோலுக்குக் கீழே வைத்துத் தைத்தார்கள்.
குளிர்பெட்டியை நம்பேலாதாம், கரண்ட் போனால்?

ஐந்து மாதம்
தலையின் ஒரு துண்டை வயிற்றில் சுமந்தேன்.
குனிந்தால் விளிம்பு குத்தும்.
சாரத்தை அதற்கு மேலே கட்டுவதா கீழே கட்டுவதா
என்பது ஒவ்வொரு காலையும் ஒரு வழக்கு.
நிர்மலி தடவிப் பார்த்து
"இப்ப இதுக்குள்ள என்ன யோசினை ஓடுது?" என்றாள்.
சிரித்தாள். அழுதாள். பிறகு சோறு போட்டாள்.

தை மாதம் திருப்பி வைத்தார்கள்.
சொந்த எலும்புதானே, ஒட்டும் என்றார்கள்
வோட்டில் எல்லோரும், கூட்டுகிற பிள்ளை உட்பட.
சொந்தம் என்று சொன்னால்
நாங்கள் மேலே ஒன்றும் கேட்பதில்லை.

டொக்டர் விதானகே ஸ்கான் படத்தை யன்னலில் பிடித்தார்.
தமிழ் பழகிக்கொண்டிருக்கிற மனுசன்.
"கிருமி இல்லை. எலும்பு கரையுது.
உங்கட எலும்பு... உங்கட உடம்பு..."
சொல் கிடைக்காமல் கொஞ்சம் நின்று
"சாப்பிடுது" என்றார்.
நானும் திருத்தவில்லை. அதுதான் சரியான சொல்.
எலி கொறித்த ரொட்டி மாதிரி ஓரம்,
நடுவில் மூன்று கறுப்புப் பொட்டு.
ஆணிகள் மட்டும் பளிச்சென்று வெள்ளையாய்
இடம் மாறாமல் நின்றன,
எதைப் பிடித்திருக்கிறோம் என்று தெரியாமல்.

ஏன் என்று கேட்டேன்.
சிலருக்கு வரும் என்றார்.

மாமாவுக்கு மயிலிட்டிக் காணியை விட்டபோது
நானும் கூடப் போனேன்.
உறுதி கையில் இருந்தது, எல்லைக்கல் ஒன்றையும் காணோம்.
இருபத்தேழு வருடம், அது வேறு கணக்கு.
என் எலும்பு போய்வந்தது ஒரு முழம் தூரம்,
அதுவும் என்னைவிட்டு வெளியே போகாமல்.

நான் நீர்வழங்கல் சபைக்குக் கிணறு அளக்கிறவன்.
வலிகாமத்துக்குக் கீழே கல் என்பார்கள்.
கல்தான்.
மழை அதை எந்த அவசரமும் இல்லாமல் தின்கிறது.
புத்தூரில் ஒருமுறை துளை போட்டோம்,
நாற்பதாவது அடியில் இரும்பு திடீரென்று
பாரமே இல்லாமல் இறங்கியது.
மேலே வெங்காயம் பச்சையாய் நின்றது.

இனி டைட்டேனியமாம்.
வலப்பக்கத்தைக் கணினியில் பார்த்து
அதைப் புரட்டி இடப்பக்கம் செய்வார்களாம்.
கொழும்பில் இருந்து வரவேணும்.
காசைச் சொன்னார்கள், நிர்மலி காப்பைப் பார்த்தாள்,
நான் சுவரில் பல்லியைப் பார்த்தேன்.
அதை உடம்பு தின்னாது என்றார் டொக்டர்.
எனக்கு என்னவோ
கொஞ்சம் ரோசம் வந்தது.

இன்று ஏழாலையில் ஒரு கிணறு.
நடந்துதான் போனேன், ஹெல்மெட்டோடு;
பள்ளிக்கூடப் பெடியள் பார்த்துச் சிரித்தார்கள்.
நாடாவை இறக்கக் குனிந்தேன்.
குனிந்தால் குழி நிரம்பும்,
நிமிர்ந்தால் தாழும்.
கைவைத்தால் துடிப்புத் தெரியும்,
யாரோ மறுபக்கம் இருந்து மெல்லத் தட்டுவது போல.

"தண்ணி எவ்வளவு கிடக்கு தம்பி?"
வாளியோடு வந்த மனுசி கேட்டா.
ஈரம் பட்ட இடத்தை வெயிலில் பிடித்து வாசித்தேன்.
பதினெட்டு அடி நாலு அங்குலத்தில் தண்ணி.
போன மாதத்தைவிட இரண்டு அங்குலம் கீழே.
எழுதிவிட்டுப் பேனையை
காதுக்கு மேலே செருகப் போய்
சட்டைப்பைக்குள் வைத்தேன்.