நூற்றிருபது ஓம்

எனக்கு முன்னால் மூன்று ஷெட் பார்த்தாயிற்று.
நான்காவது கை நான்.
கிறிஸ்துதாஸின் கால்டாக்ஸி, மஞ்சள் விளக்கு,
ஸ்கேனரைச் செருகினால்
அதே யு-சீரோ-ஒன்-டூ-ஒன்:
ஏபிஎஸ்ஸோடு பேச்சு இல்லை.

டிக்கியைத் திறந்து காட்டினார்.
தினத்தாளில் சுற்றிய பழைய மாட்யூல்.
அம்பத்தூரில் கழற்றிவிட்டுப் புதுசு மாட்டினார்களாம்,
இருபத்தெட்டாயிரம்.
புதுசும் பேசவில்லை.
"ரெண்டுமே ஊமையா மேடம்?"

இல்லைங்க.
புகார் எழுதியது அது இல்லை.
இன்ஜின் எழுதியிருக்கிறது, ஸ்டியரிங் எழுதியிருக்கிறது,
வேகம் காட்டும் மீட்டர்கூடத் தன் பங்குக்கு ஒன்று.
காதில் விழாதவர்கள் எழுதி வைத்ததுதான்
இந்தக் கோடு எல்லாம்.
சொன்னவன் பக்கம்
ஒரு துண்டுக் காகிதம் இருக்காது.

"டிசம்பர்ல தண்ணில நின்னுச்சா?"
"டயர் அளவுதான்."
வேளச்சேரியில் எல்லோருக்கும் டயர் அளவுதான்.
மிதியடியைத் தூக்கி மோந்து பார்த்தேன்.
பஞ்சு இன்னும் ஏரியாகவே இருந்தது.

பேட்டரியைக் கழற்றினோம்.
ஸ்டியரிங்குக்கு அடியில்
ஆறாவது துளையில் ஒரு முள், பதினாலாவதில் ஒரு முள்.
"அறுபது ஓம் வரணும்" என்றேன்.
"மந்திரமா மேடம்?"
முபாரக் சிரித்துச் சிரித்து டார்ச்சைக் கீழே போட்டான்.

வரவில்லை.
நூற்றிருபது.

இரட்டிப்பாகக் காட்டினால் பாதி இல்லை என்று பொருள்,
இந்த ஒரு கணக்கில் மட்டும்.
கோட்டின் இரண்டு முனையிலும் ஆளுக்கொரு காவல்.
ஒருவன் நிற்கிறான்.
இன்னொருவனும் நிற்கிறான்தான்,
நடுவில் வழி இல்லை.

வாசல் பட்டியைப் பெயர்த்தோம். கார்ப்பெட்டைச் சுருட்டினோம்.
கிடைத்தவை:
வேர்க்கடலைத் தோல், ஒரு கம்மல் திருகாணி,
யாரோ தராமல் போன பத்து ரூபாய்.
அதற்கும் அடியில் அந்த இரண்டு ஒயர்,
ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு.
ஒன்று எவ்வளவு ஏறுமோ
மற்றது அவ்வளவு இறங்கும்,
இடையில் விழும் வித்தியாசம்தான் பேச்சு.
விரலால் நெருடிக்கொண்டே போனேன்.
மீட்டரைப் பார்த்து முபாரக் கத்தினான்:
நூத்திருபது. நூத்திருபது.
நூத்தி... அக்கா, அறுபது!
கையை எடுத்தேன். நூற்றிருபது.
மறுபடி அழுத்தினேன். அறுபது.

மேல்தோலில் ஒரு கீறல் இல்லை.
பிளேடால் பிளந்தால்
உள்ளே செம்பெல்லாம் களிம்பு.
ஏழு இழையில் இரண்டு மிச்சம்,
அவையும் தொட்டுக்கொண்டு இருந்தன, அவ்வளவுதான்.
சமதரையில் பேசும்.
தரமணி ஸ்பீடு பிரேக்கரில்
பாதி வாக்கியத்தோடு நின்றுவிடும்.

களிம்பு இல்லாத செம்பு வரும்வரை வெட்டினேன்.
புது ஒயர் ஒரு சாண். ஈயம். ஸ்லீவ்.
பழைய முறுக்கையே திரும்பப் போட்டேன்;
முறுக்கு தளர்ந்தால்
பக்கத்து ஒயரின் இரைச்சல் எல்லாம் இதில் ஏறும்.

ஆயிரத்து இருநூறு கொடுத்தார்.
எண்ணும்போது ஒருமுறை டிக்கிப் பக்கம் பார்த்தார்.
"அப்ப அந்தப் பழசு?"
"அது அப்பவும் நல்லாத்தான் இருந்துச்சு."
ஒன்றும் பேசாமல்
தினத்தாளை மாற்றிச் சுற்றி
முன் சீட்டில் கொண்டுவந்து வைத்தார்.
கொஞ்சம் யோசித்து பெல்ட்டையும் மாட்டினார்.

வியாழக்கிழமை போன்,
ஆலந்தூர் மெட்ரோ வாசலிலிருந்து.
"மேடம், லைட் எரியல."
"நல்லதுதானே?"
"எட்டு மாசமா அதப் பாத்துப் பாத்துதான் ஓட்டுனேன்.
இப்ப இருட்டா இருக்கு அந்த இடம்.
பல்பு கில்பு போயிருக்குமோ?"

சாவியை அணைத்துத் திரும்பப் போடச் சொன்னேன்.
போட்டதும் எல்லா விளக்கும் எரிந்து அடங்க வேண்டும்.
பின்னால் யாரோ ஹாரன் அடிக்கிறார்கள்.
சாவி திரும்பும் சத்தம்.

"எரிஞ்சுது.
...அணைஞ்சிடுச்சு.
இன்னொரு தடவை போட்டுப் பாக்கட்டுமா?"