லெவல் கிராஸிங்

இரண்டாம் சனிக்கிழமை குணவதிக்கு வங்கி விடுமுறை.
ரஃபியாவுக்கு நைட் ஷிப்ட் இல்லாமலிருந்து
தேவநாதன் சிப்காட்டிலிருந்து குளித்துவிட்டு வந்தால்
(குளித்தாலும் காலரில் அந்த நெடி இருக்கும்,
நாங்கள் சொல்வதில்லை)
கம்மியம்பேட்டை வீட்டு முன்னறையில்
படம் ஓடும்.

டிவி பெரியது.
கட்டில், பீரோ, கிரைண்டர் எல்லாம் ஏற்றிய அன்று
மினி லாரியில் இடம் போதாமல்
அவர் விட்டுப்போனது.
"ஜீவனாம்சம்" என்பாள் குணவதி
முந்தானையால் அதைத் துடைத்தபடி.

காதல் படம் மட்டும்தான்,
அதிலும் சிரிக்கவைக்கிற காதல்.
கொலை, பேய், அப்பா பாசம் கூடாது.
கொரியாக்காரன் குடை பிடிப்பான்,
மலையாளத்துப் பெண் ஸ்கூட்டி பழகுவாள்,
லண்டனில் ஒருத்தி தப்பான ஆளுக்கு மெயில் அனுப்புவாள்.
கீழே ஓடும் எழுத்தை
ரஃபியா உரக்கப் படிப்பாள்
தேவநாதனுக்காக.
கண்ணாடிக் கடைக்காரி நான்
மூன்று முறை பவர் பார்த்துக் கொடுத்தும்
கண்ணாடி போடமாட்டான்.

மழைக் காட்சி வந்தால் சண்டை.
"நம்ம ஊர்ல மழைன்னா வண்டிய மேட்டுல ஏத்தணும்,
மெழுகுவத்தி வாங்கணும்.
இவ எதுக்குக் கைய விரிச்சிட்டு நிக்கறா?"
"தானே புயலன்னிக்கு எங்க சித்தப்பா
நிச்சயத்துக்குப் போய்
மூணு நாள் பொண்ணு வீட்டுலயே மாட்டிக்கிட்டாரு.
நாலாம் நாள் போகமாட்டேன்னுட்டாரு."
"அது படம்."
"அது எங்க சித்தப்பா."

ஏர்போர்ட்டுக்கு நாயகன் ஓடினால் இன்னும் மோசம்.
"கடலூர்ல எங்க ஓடுவான்?"
"பஸ் ஸ்டாண்டுக்கு."
"பண்ருட்டி பஸ் எதுன்னு விசாரிக்கறதுக்குள்ள
அவ நெல்லிக்குப்பம் தாண்டியிருப்பா."
"நடுவுல கேட் வேற போட்டிருப்பான்."

என் கட்சி எப்போதும் ஒன்றுதான்:
ஒரு போன் பண்ணினால்
இடைவேளைக்கு அப்புறம் படமே இல்லை.
பதினோரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.
போன தடவை குணவதி
பொரிகடலையை மென்றபடி சொன்னாள்:
"பண்ணேன். நாட் ரீச்சபிள்."
சிரித்துவிட்டோம்.
சிரித்தபிறகுதான் கேட்டது.

கடைசிப் பத்து நிமிடம் அவள் இருக்கமாட்டாள்.
டீ போடப் போவாள்.
அங்கே அவன் மூச்சிரைக்க நிற்பான்,
அவள் பெட்டியைக் கீழே வைப்பாள்,
இங்கே சமையலறையில்
லைட்டர் சொடுக்கும் சத்தம்,
பற்றாமல்,
மறுபடி.
பெயர்கள் ஓடத் தொடங்கும்போது
நான்கு டம்ளரோடு வருவாள்.
தேவநாதன் கண்ணைக் கசக்கிக்கொண்டிருப்பான்.
"பவர்" என்பான்.
ஒத்துக்கொள்வேன்.

இன்று கிளம்பும்போது மணி பதினொன்றே கால்.
கேட் போட்டிருந்தது.
இரண்டு வண்டி, மூன்று பேர்,
கொசு, சரக்கு ரயில்.
தேவநாதன் பெட்டிகளை எண்ணினான்.
முப்பத்தொன்றில் என் போன் அடித்தது.

"அந்த ரெண்டாவது பொண்ணு என்ன ஆனா?"

எந்தப் பொண்ணு?

"நிச்சயம் பண்ணியிருந்தானே, அவ.
மோதிரத்தக் கழட்டிக் குடுத்து
போ, அவகிட்டயே போன்னு சொன்னாளே.
அடுப்படியில கேட்டுச்சு.
அப்புறம் காட்டினானா?
அவ எப்படி வீட்டுக்குப் போனா?"

ஸ்பீக்கரில் போட்டேன்.
காட்டவில்லை.
நாங்கள் மூவருமே முழுசாகப் பார்த்தும்
அவளை மோதிரத்தோடு அங்கேயே விட்டிருந்தோம்.

"ஆட்டோ" என்றான் தேவநாதன்.
"நடந்திருப்பா, கோவத்துல" என்றேன்.
கேட் தூக்கினார்கள்.
பின்னால் ஷேர் ஆட்டோ ஹாரனைவிட்டுக் கையை எடுக்கவில்லை.
வண்டிகளை ஓரம் தள்ளி நிறுத்தினோம்.

"பஸ்" என்றாள் ரஃபியா. "ஜன்னல் சீட்டு."
"பக்கத்துல யாரு?"
"யாருமில்ல. பைய வெச்சிருந்தா.
ஒரு ஆளு வந்து நகத்தச் சொன்னான்,
முடியாதுன்னுட்டா."

மறுமுனையில் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு சிரிப்பு,
பிறகு லைட்டர் சொடுக்கும் சத்தம்.

"அந்த ஆளு எங்க எறங்கினான்?"