சின்ன ஈ

இரவு பதினொன்றே கால்.
மெரிபேங்க்கில் என் வீட்டு விளக்குகள் அணைந்துவிட்டன,
கைபேசிக்குள் லாயம் மட்டும் விழித்திருக்கிறது.
பகலெல்லாம் சூப்பர்மார்க்கெட் கல்லாவில்
அடுத்தவர் உருளைக்கிழங்கை நிறுத்துவிட்டு வருகிற எனக்கு
முப்பத்தேழு குதிரைகள்.
ஒன்றுக்கும் லத்தி அள்ள வேண்டாம்.

விதி எளிது என்கிறது விளையாட்டு.
பெரிய ஈ இருந்தால் கறுப்பு.
இரண்டும் சின்ன ஈ என்றால் செம்பழுப்பு.
பெரிசும் சிறுசும் சேர்ந்தால் கறுப்புதான்,
ஆனால் தோலுக்கடியில் ஒரு சின்ன ஈ
சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும்.
வாலை எவ்வளவு வீசினாலும் போகாது.

ரசீதின் பின்பக்கம் கட்டம் போடுகிறேன்.
மனிதனுக்குப் பன்னிரண்டு கட்டம்,
அப்படியும் என் கல்யாணம் நாலு வருஷம்தான்.
குதிரைக்கு நான்கு கட்டம் போதும்:
கறுப்பு, கறுப்பு, கறுப்பு,
அப்புறம் இது.

போன வியாழன் பிறந்தது.
அப்பன் கார்முகில், தாய் நள்ளிரவு,
ஏழு தலைமுறைக்குக் கறுப்புச் சான்றிதழ்.
குட்டி மட்டும்
ஊறிப்போன ரூயிபோஸ் தேநீர் நிறம்.
திரையில் பெட்டி எழுந்தது:
இந்த இனத்தில் இந்த நிறம் ஏற்கப்படாது.
பதிவேடு இல்லை. பந்தயம் இல்லை.
விற்கவும், அல்லது காட்டில் விடவும்.

நெற்றிப் பொட்டுக்குக்கூட அளவு வைத்திருக்கிறார்கள்,
கட்டைவிரல் நகத்தைத் தாண்டக்கூடாது.
எந்த மேசையில் உட்கார்ந்து
எந்தப் பென்சிலால் எழுதுவார்கள் இதையெல்லாம்?

பென்சில் என்றதும் லோகநாதன் மாமா.
அம்மாவின் தம்பி.
படிவத்தில் இந்தியர் என்பதை அடித்து
கலர்ட் என்று திருத்தினார்கள்.
அவரே கேட்டுத்தான், அதையும் சொல்ல வேண்டும்.
ரோசலினின் வீடு வென்ட்வர்த்தில் இருந்தது,
அங்கே சட்டப்படி தூங்க
அவருக்கு வேறொரு வார்த்தை தேவைப்பட்டது.
லோகன் ஆனார்.
எங்களுக்கும் வென்ட்வர்த்துக்கும் நடுவே ஒரு சாலை.
ரிஃபைனரிப் புகை சாலையைப் பார்த்து நிற்கவில்லை,
இரண்டு பக்கமும் இருமினோம்.

என் காதுகுத்துக்கு வந்தாராம், சாப்பிடாமல் போனாராம்.
பந்தியிலிருந்து எழுப்பியது யார் என்று
இன்றுவரை ஒருவரும் சொன்னதில்லை.
ஒரு புகைப்படம் இருக்கிறது, அவரும் அம்மாவும்.
அதே மூக்கு, அதே கறுப்பு.
திருத்தியது தாளை மட்டும்தான்.

நிஜக் குதிரையை நான் பார்த்தது கிளேர்வுட்டில்,
மைதான வேலிக்கு வெளியே நின்று.
இப்போது அங்கே கிடங்குகள்.
லாரிகள் எல்லாமே வெள்ளை.

நான் விற்கவில்லை. காட்டிலும் விடவில்லை.
விளையாட்டில் நாட்கள் வேகம்,
வியாழன் பிறந்தது செவ்வாய்க்குள் வளர்ந்து நிற்கிறது.
யாரோ தள்ளிவிட்ட புகைக்கறுப்பு ஒன்றை
எண்பது காசுக்கு வாங்கினேன்.
அதற்குள் பாலேட்டு மரபணு உண்டாம்.
கறுப்பின்மேல் விழுந்தால் கண்ணுக்குத் தெரியாது,
செம்பழுப்பின்மேல் விழுந்தால் பொன்.
நாலில் ஒரு வாய்ப்பு,
அதுவும் புகைக்கறுப்புக்குள்
ஒரு சின்ன ஈ ஒளிந்திருந்தால்.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் கற்றதில்
மிஞ்சியது கொஞ்சம்தான்:
ஈ என்றால் பூச்சி. ஈ என்றால் கொடு.
இரண்டு பேரும் கொடுத்தால்தான்
வெளியே தெரியும்.

பதினோரு மணி நேரம் என்கிறது கடிகாரம்.
ஏழு மணிக்கு நான் கல்லாவில் இருக்க வேண்டும்.

மறுநாள், பத்தேகால்.
மேலங்கிப் பையில் கைபேசி அதிர்கிறது.
எதிரே ஒரு பெண்,
ஒன்றரைக் கிலோ வெங்காயம், ஒரு கட்டுக் கொத்தமல்லி.
சில்லறையை எண்ணித் தருகிறேன்.
எதுவோ ஒன்று
எழுந்து நிற்கப் பார்க்கிறது,
என் இடுப்போரமாக,
நடுங்கும் நான்கு கால்களில்.