தேதி போட்ட சீட்டு

எடைமேடையில் என் வேலை.
குலையோடு லாரி ஏறும், எழுதுவேன்.
கொட்டிவிட்டுக் காலியாக வரும், எழுதுவேன்.
இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் செம்பனை.
தேதி இல்லாத சீட்டுக்கு
ஆலையில் ஒரு காசு பெயராது.

அந்தப் பழக்கத்தில்தான்
ஏகாம்பரத்தின் மருந்துகளையும் எழுதினேன்.
பெட்டியை விளக்கடியில் வைத்து
ஓரெழுத்தும் விடாமல் பார்த்தெழுதிய பெயர்,
பக்கத்தில் எத்தனை மில்லிகிராம்,
கீழே தமிழில், எனக்காக:
காலையில் ஒன்று, பசியாறிய பிறகு.
ராத்திரி அரை.
பென்சிலின் ஆகாது, உடம்பெல்லாம் தடிக்கும்.

கிளினிக்கில் மாத்திரை மாறும்போதெல்லாம்
பழையதைக் கிழித்துப் புதுச்சீட்டு.
தீபாவளிக்கு முன்னால் ஒன்று,
சீனப் பெருநாள் கழிந்து ஒன்று.
அவருடைய ஐசி உறைக்குள் மடித்துச் செருகுவேன்.
"சாகப்போறவனுக்கு ஜாதகமா?" என்பார்.
"லாரிக்கு ரோட்டு வரி ஒட்டலியா,
அந்த மாதிரி" என்பேன்.

போன மாதம் லாரியைக் கூட்டும்போது
இருக்கைக்கு அடியிலிருந்து உருண்டு வந்தது ஒரு டப்பா.
பச்சை மூடி.
மூட்டுவலிக்காம், ஒரு குதிரை ஓடுகிற படம்.
உள்ளே என்ன என்று
எந்த மொழியிலும் எழுதவில்லை.

நான் கேட்கவில்லை.
கேட்டால் சண்டை,
சண்டை வந்தால் டப்பா வேறு இடத்துக்குக் குடிபோகும்.
சீட்டின் அடியில், பென்சிலில்,
எறும்பு எறும்பாக எழுதி வைத்தேன்:
பச்சை மூடி டப்பா. பெயர் தெரியாது.
வெள்ளிக்கிழமை பாசார் மாலாம்.
நாளுக்கு இரண்டு போல.

பிறகு இரண்டு வெள்ளி
பீடோரில் விடாத மழை.
கூடாரம் விரிக்க ஒருவரும் வரவில்லை.

ஞாயிறு விடிகாலை
குளியலறை வாசலில் சரிந்து கிடந்தார்.
இரண்டு நாளாக வாந்தி,
"பழைய கறி" என்று சொல்லிக்கொண்டிருந்தவர்.
கையைத் தொட்டேன்,
ஐஸ்பெட்டியில் வைத்த மீன்.

தாப்பாவிலிருந்து வந்த ஆம்புலன்சில்
நஸ்ரி என்று சட்டையில் பெயர் போட்ட பையன்
வயது கேட்டான்.
வரவில்லை.
காலையிலிருந்து மாலைவரை
எத்தனை டன் என்று தூக்கத்திலும் சொல்லுகிறவள் நான்,
கட்டியவன் வயது வரவில்லை.
வாய்க்குள் நாக்கு ஒரு கல்.
உறையோடு நீட்டினேன்.

டாக்டர் ஹஃபிஸா, தங்கை வயதுதான் இருக்கும்,
பெயர் பெயராக விரல் வைத்து இறங்கினார்.
பென்சில் வரியில் விரல் நின்றது.
சீட்டை வெளிச்சத்துக்குத் தூக்கினார்.
அந்த ஒரு வரி தமிழில் இருந்தது.
வாசித்து, மலாயில் சொன்னேன்.
"எப்போ நிறுத்தினார், புவான்?"
"மழை பிடித்ததிலிருந்து."

அவர் சிரிக்கவில்லை.
திரைக்கு உள்ளே திரும்பி ஏதோ சொன்னார்.
ஒரு மிஸ்ஸி ஓடினார்.

மூன்றாம் நாள்
கட்டிலில் உட்கார்ந்து மைலோ குடித்தார்.
"யார் சொன்னா அவங்ககிட்ட?"
"சீட்டு."
சுற்றாத மின்விசிறியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.
கோபமா வெட்கமா, பிரித்து நிறுக்க
என்னிடம் தராசு இல்லை.
பிறகு கேட்டார்:
"உன் சீட்டு எங்க?"

"எனக்கென்ன நோய்" என்றேன்.
கொஞ்சம் சீக்கிரமாகச் சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து
அரிசித் தொட்டிக்குள் கை விட்டேன்.
அளவுக் குவளைக்கும் கீழே,
நெகிழிப் பையில் சுற்றிய அட்டை.
தெலுக் இந்தானில், தெரிந்தவர் யாரும் வராத
ஒரு தனியார் கிளினிக்.
இரண்டு வருடம்.

ஆலையின் எடைச்சீட்டு ஒன்றைத் திருப்பிப் போட்டு
எழுதினேன்:
தூங்குவதற்கு ஒன்று.
சில நாள் இரண்டு.
இந்தத் தடவை பேனாவில்.

தேதி போட்டேன்.
அவர் உறையிலேயே,
அவர் சீட்டுக்குப் பின்னால்,
செருகினேன்.